தட்டினால் பாடுகிற வால்வு ஆம்ப்ளிஃபயர்

கேள்வி: ஸ்பீக்கரை ஓட்ட இரண்டு இஎல்84, அதற்குமுன் சிக்னலைப் பெரிதாக்க ஒரு 12ஏஎக்ஸ்7 என்று வால்வுகளை வைத்து நானே கட்டிய ஸ்டீரியோ ஆம்ப்ளிஃபயர் இரண்டு மாதம் நன்றாகப் பாடியது. இப்போது சூடேறி இருபது நிமிடம் ஆனதும் இடப்பக்கத்தில் கரகரப்பு கேட்கிறது. பிறகு அந்தப் பக்கத்து ஒலி மட்டும் ஓரடி பின்வாங்கியது போல இறங்கிவிடுகிறது. சேஸிஸைத் தட்டினால் திரும்பி வருகிறது. வோல்டேஜ்களை அளந்து பார்த்தேன். ஒலி சரியாக இருக்கும்போதும் இறங்கியபோதும் எல்லா இடத்திலும் ஒரே அளவுதான். மீட்டரின் பீப் சோதனையிலும் எல்லா இணைப்புகளும் பீப் அடிக்கின்றன. பொறுமை இழந்து ஒரே இரவில் அத்தனை இணைப்புகளையும் மறுபடி உருக்கிவிட்டேன். இடப்பக்கக் கோளாறு போகவில்லை. வலப்பக்கத்தில் புதிதாக ஓர் உறுமல் சேர்ந்துகொண்டது. வால்யூமை முழுக்கக் குறைத்தாலும் அது அடங்கவில்லை. என்னிடம் இருப்பது 25 வாட் ஊசிமுனை அயர்ன். எல்லாவற்றையும் பிரித்துப் புதிதாகக் கட்டிவிடலாமா? தண்ணீர்க் குழாய்களைப் பற்றவைக்கும் பேஸ்ட்டைத் தடவினால் ஈயம் நன்றாகப் பிடிக்கும் என்று நண்பர் சொல்கிறார். தடவலாமா?

பதில்: பிரிக்க வேண்டாம். பேஸ்ட் தடவ வேண்டவே வேண்டாம். இன்னோர் இணைப்பைக்கூட இப்போதைக்கு உருக்காதீர்கள்.

உங்கள் மீது கோபம் இல்லை. எல்லாவற்றையும் உருக்கிப் பார்க்கும் அந்த இரவு இந்த வேலையில் இறங்கிய எல்லோருக்கும் ஒருமுறை வந்திருக்கிறது. எனக்கு ஒருமுறைக்கு மேலேயே வந்திருக்கிறது. ஆனால் அதனால் இரண்டு நஷ்டம். எந்த இணைப்பு கெட்டிருந்தது என்பதற்கான தடயம் அழிந்துவிடுகிறது. அதோடு, நன்றாக இருந்தவற்றில் சிலவும் கெட்டுவிடுகின்றன. உருக்குவதும் பற்றவைப்பதும் ஒன்றல்ல. சால்டர் கம்பியின் உள்ளே இருக்கும், உலோகத்தின் மேலுள்ள ஆக்ஸைடை அகற்றும் ஃப்ளக்ஸ் முதல் தடவையிலேயே எரிந்து தீர்ந்துவிடுகிறது. அடுத்த முறை வெறுமனே சூடு காட்டினால் ஈயம் இளகுமே தவிர, அடியில் இருக்கிற ஆக்ஸைடு படலத்தைக் கிழிக்க அங்கே எதுவும் இல்லை. பழைய அழுக்கின் மேல் பளபளப்பாக ஒரு மூடி போட்டதுதான் மிச்சம். வலப்பக்க உறுமலுக்கும் இதுவே காரணமாக இருக்கலாம். அதற்குப் பிறகு வருகிறேன்.

இப்போது ஒரு நல்ல செய்தி. உங்கள் கடிதத்தில் போகிற போக்கில் எழுதியிருக்கும் ஒரு வரி பாதி வேலையை முடித்துவிட்டது. ஒலி இறங்கும்போதும் வோல்டேஜ் மாறவில்லை என்கிறீர்களே, அந்த வரி. நீங்கள் இணைத்த படத்தில் இஎல்84-இன் கேத்தோடில் 7 வோல்ட், 12ஏஎக்ஸ்7-இன் பிளேட்டில் 163, அதன் கேத்தோடில் 1.3 என்று குறித்திருக்கிறீர்கள். (வால்வுக்குள் ஹீட்டர் சூடாக்கும் கேத்தோடிலிருந்து பிளேட்டுக்கு எலக்ட்ரான்கள் பாயும்; நடுவில் இருக்கும் கிரிட் அந்தப் பாய்ச்சலைக் கட்டுப்படுத்தும்.) மூன்றும் ஆரோக்கியமான அளவுகள். கோளாறு வரும் நேரத்திலும் இவை அசையவில்லை என்றால், நேர்மின்சாரம் (டிசி) ஓடுகிற வழி முழுவதும் சரியாக இருக்கிறது. பிளேட் ரெசிஸ்டர், கேத்தோடு ரெசிஸ்டர், அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரின் பிரைமரி, சாக்கெட்டின் பெரும்பாலான கால்கள் எல்லாவற்றையும் சந்தேகப் பட்டியலிலிருந்து எடுத்துவிடலாம். ஹீட்டர் இணைப்பும் அல்ல. ஹீட்டர் விட்டுப்போனால் கேத்தோடு ஆறுவதற்குப் பல வினாடிகள் ஆகும்; ஒலி மெல்ல மெல்லத் தேய்ந்து மறையும், வோல்டேஜும் கூடவே மாறும். உங்களுடையது கரகரத்துவிட்டுப் பட்டென்று இறங்குகிறது.

மிச்சம் இருப்பது, இசை மட்டும் போகிற, நேர்மின்சாரம் போகாத இடங்கள். அதாவது கெப்பாசிட்டர்கள், வால்யூம் கன்ட்ரோல், ஸ்பீக்கர் பக்கம். இரண்டு வால்வுகளுக்கும் நடுவே இருக்கும் கப்ளிங் கெப்பாசிட்டரின் கால் விட்டிருந்தால் ஒலி இறங்காது, ஏறக்குறைய முழுதாகவே போய்விடும். உங்களுக்குப் போகவில்லை, சுத்தமாகவே ஆனால் தாழ்ந்து ஒலிக்கிறது. இந்த நடத்தைக்கு நன்றாகப் பொருந்துகிற ஆள் கேத்தோடு பைபாஸ் கெப்பாசிட்டர், அதாவது கேத்தோடு ரெசிஸ்டருக்கு இணையாக இருந்து இசைக்கு மட்டும் மாற்றுவழி விடுவது.

கணக்கைப் பாருங்கள். பைபாஸ் கெப்பாசிட்டர் வேலை செய்யும்போது உங்கள் 12ஏஎக்ஸ்7 சிக்னலை ஏறத்தாழ 57 மடங்கு பெரிதாக்கும். அந்தக் கெப்பாசிட்டரின் ஒரு கால் விட்டுப்போனால் 1.5 கிலோ ஓம் கேத்தோடு ரெசிஸ்டர் தானே ஓர் எதிர்ப்பூட்டமாக (சிக்னலில் ஒரு பங்கை அதற்கே எதிராகத் திருப்புவதாக) மாறி, பெருக்கத்தைச் சுமார் 28-க்கு இறக்கிவிடும். அப்படியே பாதி. இஎல்84-இன் 150 ஓம் ரெசிஸ்டரோடு இருக்கும் கெப்பாசிட்டர் விட்டுப்போனால் இறக்கம் இன்னும் அதிகம், இரண்டரை மடங்குக்கு மேல். இரண்டிலும் வால்வு வழியே ஓடும் மின்சாரம் துளியும் மாறாது. அதனால்தான் உங்கள் மீட்டர் 'எல்லாம் நலம்' என்றது.

எந்த வால்வின் கெப்பாசிட்டர்? பந்தயம் கட்டச் சொன்னால் இஎல்84 பக்கம் கட்டுவேன். இருபது நிமிடச் சூடு என்ற குறிப்பு அங்கேதான் கை நீட்டுகிறது. அந்த வால்வின் ஹீட்டர் மட்டுமே 4.8 வாட் தின்கிறது. அதற்குக் கீழே கேத்தோடு ரெசிஸ்டர் மூன்றில் ஒரு வாட் வெப்பத்தை ஓயாமல் விட்டுக்கொண்டு, கெப்பாசிட்டரின் காலோடு ஒரே டேக்கில் (கால்களைப் பற்றவைக்கும் உலோகக் காதில்) உட்கார்ந்திருக்கிறது. ஆனால் பந்தயம் கட்டிப் பற்றவைப்பது என் தொழில் அல்ல. அளந்துவிடுவோம்.

அதற்குமுன், பெட்டியைத் திறக்கிற ஒழுங்கைப் பற்றிக் கொஞ்சம். வால்வு ஆம்ப்ளிஃபயரில் பிளக்கைப் பிடுங்கிய பிறகும் ஆபத்து உள்ளேதான் இருக்கிறது. 100 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் 300 வோல்ட்டில் 4.5 ஜூல் சேமித்து வைத்திருக்கும். பிளக்கை எடுங்கள். 10 கிலோ ஓம், 5 வாட் ரெசிஸ்டர் ஒன்றின் இரு முனைகளிலும் நல்ல காப்புள்ள கிளிப் வயர்களைக் கோத்துக்கொள்ளுங்கள். ஒரு கிளிப்பைச் சேஸிஸில் மாட்டிவிட்டு, மற்றொன்றை ஒற்றைக் கையால் பவர் சப்ளையில் இருக்கும் பெரிய ஃபில்டர் கெப்பாசிட்டர் ஒவ்வொன்றின் நேர்முனையிலும் பத்து வினாடி வையுங்கள். பிறகு மீட்டரால் அளந்து, ஒரு வோல்ட்டுக்கும் கீழே வந்துவிட்டதா என்று பாருங்கள். வந்ததும் ரெசிஸ்டரைக் கழற்றிவிடாதீர்கள். பெரிய எலக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டர்கள் காலியான பிறகும் தாமாகவே கொஞ்சம் வோல்டேஜை மீட்டுக்கொள்ளும் குணமுடையவை. வேலை முடியும்வரை முதல் ஃபில்டர் கெப்பாசிட்டரின் மேல் அது மாட்டியபடியே இருக்கட்டும். மின்சாரம் கொடுக்கும் முன் கழற்ற மறந்தால் ரெசிஸ்டர் புகையும், அவ்வளவுதான். ஸ்க்ரூடிரைவரால் 'டப்' என்று ஷார்ட் செய்து காலி செய்பவர்கள் இருக்கிறார்கள். அவர்களைப் பார்த்துக் கற்றுக்கொள்ளாதீர்கள்.

வலப்பக்க உறுமலை முதலில் கவனிப்போம். இடப்பக்கம் வெறும் தொல்லை, வலப்பக்கம் ஒருவேளை ஆபத்து. மின்சாரம் இல்லாத நிலையில், வலப்பக்க இஎல்84-இன் 2-ஆம் காலிலிருந்து சேஸிஸுக்கு ரெசிஸ்டன்ஸ் அளந்து பாருங்கள். அதுதான் கிரிட். உங்கள் படப்படி 470 கிலோ ஓம் காட்ட வேண்டும். மீட்டர் எல்லையைத் தாண்டிப் போனால், அந்த இரவில், கிரிட்டை எர்த்தோடு இணைக்கும் கிரிட் லீக் ரெசிஸ்டரின் ஒரு முனை விட்டுப்போயிருக்கிறது. கிரிட் அந்தரத்தில் தொங்கும். மெல்ல நேர்மின்னழுத்தத்தின் பக்கம் நகரும். வால்வு கட்டுப்பாடின்றி மின்சாரம் இழுத்து, பிளேட் சிவக்கும். அப்படியே விட்டால் வால்வு போகும், அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரையும் கூட்டிக்கொண்டு போகும். எனவே இந்த ஓர் அளவை எடுக்காமல் ஸ்விட்சைப் போடாதீர்கள்.

470 கிலோ ஓம் சரியாக இருந்தால் அடுத்த கேள்வி. வால்யூமை முழுக்கக் குறைக்கும்போது வலப்பக்கத்தில் பாட்டு மறைகிறதா, அல்லது உறுமலோடு பாட்டும் கேட்டுக்கொண்டேதான் இருக்கிறதா? குமிழைத் திருகியும் பாட்டு பெரிதாகக் குறையவில்லை என்றால், வால்யூம் கன்ட்ரோலின் எர்த் கால் விட்டிருக்கிறது. அதன் ரெசிஸ்டன்ஸ் பாதைக்குத் தரைப் பிடிப்பு இல்லாததால் சிக்னலைப் பங்குபோட வழியில்லை. கிரிட்டும் காற்றில் இருக்கிற மெயின்ஸ் இரைச்சலை ஆன்டெனா போல வாங்குகிறது. பாட்டு ஒழுங்காக மறைந்து உறுமல் மட்டும் நின்றால், வால்யூமுக்குப் பின்னால் தேட வேண்டும். வலப்பக்கப் பாகங்களின் எர்த் வயர்கள் எல்லாம் வந்து சேரும் டேக்கைப் பாருங்கள். ஐந்தாறு வயர்கள் ஒரே துளையில் கூடுகிற அந்த இடத்தை 25 வாட் ஊசிமுனையால் முழுதாகச் சூடாக்கவே முடியாது. மேலே இருக்கிற வயர் இளகியிருக்கும். அடியில் இருப்பவை அரைகுறையாக அசைந்திருக்கும். ஹீட்டர் சுற்றுக்கு எர்த் கொடுக்கிற ஜோடி ரெசிஸ்டர்களைச் சந்தேகிக்கத் தோன்றும். அது விட்டிருந்தால் இரண்டு பக்கமும் உறுமியிருக்கும், ஏனென்றால் ஹீட்டர் வைண்டிங் உங்களிடம் பொதுவாகத்தானே இருக்கிறது.

இனி இடப்பக்கம். இங்கே அவசரம் வேண்டாம்.

எல்லாக் கெப்பாசிட்டர்களும் காலியாக இருக்கும்போது, இடப்பக்க இஎல்84-இன் கேத்தோடு ரெசிஸ்டருக்குக் குறுக்கே மீட்டரைக் கொக்கிக் கிளிப்களால் மாட்டிவிடுங்கள். கையில் புரோபைப் பிடித்துக்கொண்டு இருபது நிமிடம் உயர் வோல்டேஜின் மேல் குனிந்திருப்பது முட்டாள்தனம். மீட்டரை ஏசி வோல்ட்டுக்குத் திருப்புங்கள். போனிலிருந்து 400 ஹெர்ட்ஸ் சீரான ஒலியை உள்ளே கொடுங்கள். மலிவான மீட்டர்கள் அதற்கு மேல் நம்பகமாக அளப்பதில்லை. இருபது நிமிடம் அந்த ஊளையைக் கேட்க வீட்டில் யாரும் சம்மதிக்க மாட்டார்கள் என்பதால், ஸ்பீக்கருக்குப் பதிலாக 8 ஓம், 10 வாட் ரெசிஸ்டரை மாட்டுங்கள். இரண்டில் ஒன்று கட்டாயம் இருக்க வேண்டும். ஸ்பீக்கரும் இல்லாமல் ரெசிஸ்டரும் இல்லாமல் சிக்னல் கொடுத்தால் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரின் பிரைமரியில் எழும் வோல்டேஜ் காப்பைக் கிழித்துவிடும்.

ரெசிஸ்டரை மாட்டியாயிற்றென்றால் இஎல்84-இன் கிரிட்டுக்கு இரண்டு மூன்று வோல்ட் சிக்னல் போகும் அளவுக்கு வால்யூமை வைத்துக்கொண்டு பேசாமல் காத்திருங்கள். கெப்பாசிட்டர் ஒழுங்காக இருக்கும்வரை கேத்தோடில் ஏசி மிகக் குறைவு, பத்தில் ஒரு வோல்ட் அளவில்தான் இருக்கும். அது விட்டுப்போகிற கணத்தில் ஒரு வோல்ட்டுக்கும் மேலே தாவும். மீட்டர் தாவிவிட்டால் குற்றவாளி இந்த இரண்டங்குலத்துக்குள் இருக்கிறான். தாவவே இல்லை, ஆனாலும் ஒலி இறங்கிவிட்டது என்றால், அணைத்து, காலி செய்து, கிளிப்களை 12ஏஎக்ஸ்7-இன் இடப்பக்கக் கேத்தோடு ரெசிஸ்டருக்கு மாற்றுங்கள். இங்கே அளவுகள் சிறியவை. உள்ளே வரும் சிக்னல் 100 மில்லிவோல்ட் என்றால், சரியான நிலையில் ஒன்றிரண்டு மில்லிவோல்ட், விட்ட நிலையில் 50-ஐ ஒட்டி. மில்லிவோல்ட் ஏசி அளக்கும் மீட்டர் தேவைப்படும்.

இடம் தெரிந்துவிட்டது, ஆனால் கெட்டது கெப்பாசிட்டரா, அதன் சால்டரா? எலக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டர் உள்ளுக்குள்ளேயே கால் விட்டுப்போவதும் உண்டு. இதைப் பிரித்துப் பார்க்க ஓர் அழகான வழி இருக்கிறது. ஒரு கிளிப்பைக் கெப்பாசிட்டரின் காலிலேயே, சால்டருக்கு இந்தப் பக்கம் மாட்டுங்கள். மற்றொன்றை அதே டேக்கில் இருக்கும் ரெசிஸ்டரின் காலில் மாட்டுங்கள். நடுவில் இருப்பது அந்த ஈயப் பொட்டு மட்டும். கோளாறு வரும்போது ஏசி வோல்டேஜ் இந்த இரண்டுக்கும் நடுவே தோன்றினால் கெட்டது சால்டர்தான். வாதத்துக்கு இடமே இல்லை. பொட்டின் இரு கரையிலும் பூஜ்யம் என்றால் எர்த் பக்கத்து முனையையும் இதேபோலப் பாருங்கள். அங்கேயும் பூஜ்யம் என்றால் கெப்பாசிட்டரை மாற்றுங்கள்.

பீப் சோதனை ஏன் இதைக் காட்டவில்லை என்று கேட்பீர்கள். அது குளிர்ந்த நிலையில், மிகச் சிறிய மின்சாரத்தைக் கொடுத்து, சில பத்து ஓம் இருந்தாலும் 'சரி' என்று கூவிவிடும் சோதனை. வயர் அறுந்திருக்கிறதா என்று பார்க்க அது போதும். டிரை சால்டர் என்பது அறுந்த வயர் அல்ல. தொட்டுக்கொண்டு இருப்பது போல நடிக்கும் வயர். வேலை செய்யும் நேரத்தில், வேலை செய்யும் மின்சாரத்தில், இணைப்பின் குறுக்கே விழுகிற வோல்டேஜை அளந்தால் நடிப்பு கலைந்துவிடும். ஹீட்டர் வயர்களில் இது இன்னும் தெளிவு. இஎல்84-இன் ஹீட்டரில் 0.76 ஆம்பியர் ஓடுகிறது. நல்ல சால்டரின் குறுக்கே மீட்டர் ஏறக்குறைய ஒன்றுமே காட்டாது. அந்த இணைப்பில் பத்தில் ஒரு ஓம் ஒளிந்திருந்தாலும் 76 மில்லிவோல்ட் நிற்கும். பீப் சோதனைக்கு இது கனவிலும் தெரியாது.

குச்சியால் அழுத்திப் பார்க்கும் பழைய முறையை நான் விட்டுவிடவில்லை. ஓரடி நீளமுள்ள, நன்றாக உலர்ந்த மரக்குச்சி. கோளாறு வந்த நிலையில், மற்றொரு கையைப் பைக்குள் விட்டுக்கொண்டு, சந்தேகப்பட்ட பாகத்தின் காலை மெல்ல அழுத்துங்கள். தட்டக் கூடாது, அழுத்த வேண்டும். தட்டினால் பெட்டி முழுவதும் அதிரும். பத்து இணைப்பு தள்ளி இருக்கிற கோளாறும் பதில் சொல்லும். நீங்கள் சேஸிஸின் மேல் தட்டியபோது நடந்தது அதுதான்.

கண்ணால் பார்த்தே சொல்ல முடியாதா? சிலவற்றைச் சொல்லலாம். நல்ல சால்டரில் ஈயம் வயரின் மேல் ஏறி மெலிந்து முடியும். அடியில் வயரின் வடிவம் தெரியும். கெட்டதில் அது தாமரை இலைத் தண்ணீர்போல உருண்டு ஒட்டாமல் நிற்கும். ஆறும்போது அசைந்துவிட்டால் மேற்பரப்பு சொரசொரவென்று மங்கும். ஆனால் ஈயமில்லாத சால்டர் நன்றாகப் பிடித்தாலும் மங்கலாகத்தான் இருக்கும். அதனால் பளபளப்பை மட்டும் வைத்துத் தீர்ப்பு எழுதாதீர்கள்.

பளபளப்பு என்னை ஏமாற்றிய கதை ஒன்று உண்டு. தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு செட் என்னிடம் மூன்று முறை திரும்பி வந்தது. இரண்டு முறை உங்களைப் போலவே எல்லாவற்றையும் உருக்கி அனுப்பினேன். மூன்றாவது முறை பூதக்கண்ணாடியை வைத்துக்கொண்டு, ஒவ்வொரு வயரையும் இடுக்கியால் பிடித்து லேசாகத் திருகினேன். அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து வருகிற வயர் ஒன்று, கண்ணாடி மாதிரி மின்னுகிற ஈயத்துக்குள், பூட்டில் சாவி திரும்புவது போலச் சுழன்றது. வயரின் மேலிருந்த வார்னிஷைச் சுரண்டாமலேயே யாரோ பற்றவைத்திருந்தார்கள். ஈயம் டேக்கைப் பிடித்திருந்தது, வயரை வெறுமனே வளையம்போலச் சுற்றி நின்றது. வெட்டுப்பட்ட நுனி மட்டும் தொட்டும் தொடாமலும் இருந்திருக்கிறது. அந்த 'யாரோ' நான்தான். இரண்டு மாதம் முன்பு அந்த டிரான்ஸ்ஃபார்மரை மாற்றியவனே நான். உங்கள் டிரான்ஸ்ஃபார்மர் வயர்களையும் ஒருமுறை திருகிப் பாருங்கள், மின்சாரம் இல்லாதபோது.

கெட்ட இணைப்பு தெரிந்ததும் அதை உருக்காதீர்கள், அகற்றுங்கள். உறிஞ்சும் பம்ப்பாலோ செப்புப் பின்னலாலோ பழைய ஈயம் முழுவதையும் எடுத்துவிட்டுக் கெப்பாசிட்டரின் காலை வெளியே இழுத்துப் பாருங்கள். என் ஊகம் சரியென்றால், கால் பழுப்பாகவும் ஈயம் படாமலும் வெளியே வரும். டேக்கின் துளையில் முதலில் நுழைத்த கால் அதுதான். மேலே வந்த ரெசிஸ்டரின் கால் ஈயத்தையெல்லாம் தான் வாங்கிக்கொண்டு, அடியில் இருப்பதைப் பட்டினி போட்டிருக்கும். அந்தக் காலைக் கத்திமுனையால் உலோகம் தெரியும்வரை சுரண்டி, தனியாக அதற்கு ஈயம் பூசி, எல்லாப் பக்கமும் ஈயம் படிகிறதா என்று பார்த்த பிறகே துளைக்குள் விடுங்கள். ஒரு கொக்கி வளைவு போதும். நாலைந்து சுற்று சுற்றிவிட்டால் அடுத்த முறை கழற்றுகிறவர் உங்களைத் திட்டுவார். அது பெரும்பாலும் நீங்களாகவே இருப்பீர்கள்.

அயர்னைப் பொறுத்தவரை, உங்கள் 25 வாட் கருவியை வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் இந்த வேலைக்கு அது ஆகாது. 60 வாட், 3 மில்லிமீட்டர் தட்டைமுனை, வெப்பம் 350 டிகிரி அளவில். பெரிய அயர்ன் பாகங்களைக் கருக்கிவிடும் என்று புதியவர்கள் பயப்படுகிறார்கள். பாகத்தைக் கருக்குவது வாட் அல்ல, நேரம். சின்ன அயர்னை இருபது வினாடி வைத்துக்கொண்டிருந்தால் சூடு இணைப்பில் தங்காமல் கால் வழியே கெப்பாசிட்டருக்குள் ஓடும். பெரிய முனை மூன்று வினாடியில் வேலையை முடித்துவிடும். முனையில் துளி ஈயம் பூசி, அதை டேக்கையும் காலையும் சேர்த்துத் தொடும்படி வையுங்கள். சால்டர் கம்பியை அயர்னில் அல்ல, எதிர்ப்பக்கத்தில் டேக்கில் காட்டுங்கள். அங்கே அது தானாக உருகி உள்ளே ஓடினால்தான் டேக் போதுமான சூட்டில் இருக்கிறது என்று அர்த்தம்.

கம்பி வாங்கும்போது 63/37 (63 பங்கு வெள்ளீயம், 37 பங்கு ஈயம்) கிடைத்தால் அதையே வாங்குங்கள். அது 183 டிகிரியில் ஒரே நொடியில் திரவத்திலிருந்து திடமாகிவிடும். 60/40 வகை அதற்குச் சில டிகிரி மேலேயே இறுகத் தொடங்கி 183-இல்தான் முடிக்கும். அந்த இடைவெளியில், குழம்பு நிலையில், வயர் அசைந்தால் டிரை சால்டர் பிறக்கும். ஈயமில்லாத வகை 217 டிகிரிக்கு மேல் உருகுவது. அதைப் பழைய ஈய சால்டரோடு கலக்க வேண்டாம். எதுவானாலும் அயர்னை எடுத்த பிறகு சில வினாடி மூச்சைப் பிடித்துக்கொண்டு அசையாமல் இருங்கள். வாயால் ஊதாதீர்கள். ஈயம் கலந்த சால்டர் என்றால் வேலை முடிந்ததும் கையைக் கழுவிவிட்டுச் சாப்பிடப் போங்கள்.

உங்கள் நண்பருடைய பேஸ்ட் குழாய்க்கும் தகரத்துக்கும் உரியது. அதில் இருப்பது அமில வகை ஃப்ளக்ஸ். ஈயம் அற்புதமாகப் பிடிக்கும், பொய் இல்லை. பிறகு மிச்சம் ஈரத்தை இழுத்துக்கொண்டு செம்பை அரிக்கும். வால்வு சாக்கெட்டின் கால்களுக்கு நடுவே மின்சாரம் கசியவும் வழி செய்யும். ஏற்கனவே எங்காவது தடவியிருந்தால் அந்த இணைப்புகளை மட்டும் தயங்காமல் முழுதாக அகற்றிச் சுத்தம் செய்துவிடுங்கள்.

இன்னொரு சின்ன எச்சரிக்கை. வால்வு சாக்கெட்டின் கால்களில் ஈயத்தை அளவுக்கு மேல் ஊட்டினால் அது உள்ளே இறங்கி, வால்வின் ஊசியைப் பிடிக்கும் ஸ்பிரிங்கை இறுக்கிவிடும். அதன்பின் அந்தக் கால் வால்வைச் சரியாகப் பிடிக்கவே பிடிக்காது. அந்த இரவில் சாக்கெட்டுகளையும் உருக்கியிருப்பீர்கள். வால்வைச் செருகும்போது ஏதாவது ஊசி முரண்டு பிடித்தால் பலம் காட்டாமல், விளக்கை வைத்துத் துளையின் உள்ளே பாருங்கள்.

முடிந்ததும், முதல் முறை மின்சாரம் கொடுக்கும்போது 60 வாட் இழை பல்பு ஒன்றைத் தொடராக இணைத்துக்கொள்ளுங்கள். பல்பு ஒருகணம் பிரகாசித்துவிட்டு மங்கினால் நல்லது. முழுப் பிரகாசத்தில் நின்றால் எங்கோ ஷார்ட், உடனே அணையுங்கள். பல்பை எடுத்துவிட்டு ஒரு மணி நேரம் ஓடவிடுங்கள். முதல் ஐந்து நிமிடம் இரண்டு இஎல்84 பிளேட்டுகளையும் அறை விளக்கை அணைத்துவிட்டுப் பாருங்கள். ஹீட்டரின் ஆரஞ்சு ஒளி இருக்கலாம், பிளேட் சாம்பல் நிறத்திலேயே இருக்க வேண்டும்.

இதற்கும் அடங்காவிட்டால் மூன்று அளவுகளை எழுதி அனுப்புங்கள்: வலப்பக்க இஎல்84-இன் 2-ஆம் காலிலிருந்து சேஸிஸுக்கு எத்தனை கிலோ ஓம், ஒலி இறங்கிய நேரத்தில் இடப்பக்கக் கேத்தோடுகள் இரண்டிலும் ஏசி எவ்வளவு, வால்யூம் பூஜ்யத்தில் வலப்பக்கம் பாட்டு கேட்கிறதா இல்லையா. சேஸிஸின் அடிப்பக்கத்தையும் படமெடுத்து அனுப்புங்கள். ஃபிளாஷ் போடாமல், பக்கவாட்டு வெளிச்சத்தில்.